பேரணாம்பட்டில் ஒரு சீன வைத்தியர்

1934 ஐப்பசியில் நானும் என் மனைவி கமலமும் கலவையிலிருந்து பேரணாம்பட்டு போய் வந்தோம். கோயிலுக்காகவோ கல்யாணத்துக்காகவோ அல்ல, அவளுடைய இருமலுக்காக. ஆனியில் எங்கள் ஆறு வயது மகள் விஷக் காய்ச்சலில் இறந்துபோனாள். கருமாதி முடிந்த வாரம் கமலத்துக்கு வறட்டு இருமல் தொடங்கியது. நிற்கவே இல்லை. வேலூரில் டாக்டர் நெஞ்சைச் சோதித்து, சளியைச் சோதித்து, க்ஷயம் இல்லை என்று சொல்லி மருந்து கொடுத்தார். க்ஷயம் இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. இருமல் மட்டும் போகவில்லை.

நான் வேலை பார்க்கும் தபாலாபீசுக்கு வரும் தோல் வியாபாரி ஒருவர்தான் சீன வைத்தியரைப் பற்றிச் சொன்னார். கல்கத்தாவிலிருந்து தோல் வாங்க வந்தவராம், பேரணாம்பட்டு மண்டியிலேயே தங்கிவிட்டாராம், தகப்பனார் வழியில் வைத்தியமும் தெரியுமாம்.

காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினோம். ஆற்காடு பதினாலு மைல், ஆளுக்கு நாலணா. அங்கே பஸ் மாறி எட்டேமுக்காலுக்கு வேலூர். ஜட்காவில் காட்பாடி போய்ப் பத்தரை மணி பாசஞ்சரைப் பிடித்தோம். ஆம்பூருக்கு மூன்றாம் வகுப்பு ஒன்பதணா. கமலம் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். எதிரே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பலகைக்கு நகர்ந்தார்கள். அவளுக்கும் அது தெரிந்தது.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு பதினோரு மைல். மழையில் சாலை சேறாகிவிட்டதால் பஸ் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஊர் வருமுன் தோல் பதனிடும் வாசனை வந்துவிடுகிறது: சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, பச்சைத் தோல். கைக்குட்டை எடுத்துப் போங்கள்.

மண்டி வாசலில் கணக்கர் காதர் பாய் எங்களை நிறுத்தினார்.

"இன்னா சார், எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? சீனா பாயைப் பாக்கவா? வாங்க, ஒக்காருங்கம்மா. நாத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும், அரை மணியில பழகிடும்."

வைத்தியர் பெயர் லியாங். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு, தோல் அடுக்குகளுக்கு நடுவிலிருந்து வந்தார். அவருக்குக் கல்கத்தா இந்துஸ்தானி வரும், தமிழ் வராது. காதர் பாய் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொன்னார்.

லியாங் கமலத்தின் வலது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையிலும் அப்படியே. நாக்கைப் பார்த்தார். எப்போதிருந்து இருமல் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அம்மாவே சொல்லட்டும்கிறாரு," என்றார் காதர் பாய்.

"ஆனியில இருந்து," என்றாள் கமலம். அதற்கு மேல் வரவில்லை. பாப்பா போனதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

லியாங் பொறுமையாக விளக்கினார். அவர்கள் கணக்கிலும் ஐந்து உண்டு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம்முடைய பஞ்சபூதம் வேறு, அது வேறு. உடம்பில் உலோகத்தின் இடம் நுரையீரல், அதன் காலம் இலையுதிர் காலம், அதன் உணர்ச்சி துக்கம். "மூச்சை இழுக்கணும், விடணும். இவங்க இழுத்து வெச்சுக்கிட்டே இருக்காங்க, விடலையாம். அழுதாங்களான்னு கேக்குறாரு," என்றார் காதர் பாய்.

அவள் அழ ஆரம்பிக்கும்போதெல்லாம், அழாதே, இருமல் ஜாஸ்தியாகும் என்று அடக்கியவன் நான்தான். அதை அங்கேயே சொன்னேன். லியாங் என்னைக் கோபிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பேரிக்காயைக் கற்கண்டோடு ஆவியில் வேகவைத்துத் தரச் சொன்னார். வெள்ளை முள்ளங்கி, சூடான கஞ்சி. காலையில் மெல்ல நடக்க வேண்டும், அப்போது இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். வேலூர் மருந்தை நிறுத்தக் கூடாது. சளியில் ரத்தம் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேசும்போதே அவருக்கும் இரண்டு தடவை இருமல் வந்தது.

கமலம் நிமிர்ந்து பார்த்தாள். "பாய், இவருக்கு யாரு நாடி பாக்குறாங்கன்னு கேளுங்க."

காதர் பாய் தயங்கித்தான் கேட்டார். லியாங் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"கல்கத்தாவுல இவருக்கு ஒரே பையன். தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சாம். அப்புறம் இவரு அங்க போகவே இல்ல. சம்சாரம் மட்டும் அங்க இருக்குது."

"அப்போ அந்தம்மா தனியாவா அழுவுறாங்க?" என்றாள் கமலம்.

காதர் பாய் இதைச் சொல்லலாமா என்று என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்றேன். கேட்டதும் லியாங் தலையைக் குனிந்துகொண்டார். கமலம் அழ ஆரம்பித்தாள். முகம் தெரியாத அந்தக் கல்கத்தாக்காரிக்காகத் தொடங்கிய அழுகை, சீக்கிரமே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இந்தத் தடவை நான் அடக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். காதர் பாய் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். லியாங் எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்தில் இரவு தங்கி மறுநாள் ஊர் திரும்பினோம். பேரிக்காய் வேலூர் மார்க்கெட்டில் கிடைத்தது. தைக்குள் இருமல் முக்கால்வாசி குறைந்தது. பேரிக்காயா, நடையா, மருந்தா, அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மார்கழியில் காதர் பாய் கார்டு எழுதியிருந்தார்: சீனா பாய் கல்கத்தா போய்விட்டார்.

ஆகவே அவரைத் தேடி இனி யாரும் பேரணாம்பட்டு போக வேண்டாம். வேறு காரியமாகப் போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிருங்கள், பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். நோயாளியோடு எந்த ஊருக்குப் போனாலும், வைத்தியர் கேட்கும் கேள்விக்கு நோயாளியே பதில் சொல்லட்டும்.

இதைப் படித்துக் காட்டியபோது கமலம் ஒரு குறை சொன்னாள். "மகள், பாப்பான்னே எழுதியிருக்கீங்களே. பேரை எழுதுங்க."

அவள் பெயர் ருக்மணி. 'ரு' அவளுக்கு வராது. யார் கேட்டாலும் 'லுக்மணி' என்பாள்.