கிளைப் பாதையில் ஒரு கைநாட்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் கட்டுக்கலைக்கு வந்து, என் வீட்டு மேல்மாடி அறையைப் பார்த்துவிட்டுப் பேசலாம். நான் கதை அளக்கிற ஆள் இல்லை. அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஒரு தேதி தவறினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவன். அதனாலேயே என்னைப் பலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

என் பைத்தியம் சின்ன ரயில். அதிலும் ஒடுங்கிய பாதை ரயில். ஒரு காலத்தில் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஓடியவை. அவற்றை மேசைமேல் சிறிதாகச் செய்து ஓட்டுவேன். "உங்க கோச்சிப் பைத்தியம்" என்பாள் மனைவி நிரஞ்சனி. இதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஒரு மாத இதழ் வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன், பிறகு பஞ்சாயத்து வரும். அந்த இதழைத் தொடுவதென்றால் என் வீட்டில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். நண்பன் இப்திகார் அலவத்துகொடவிலிருந்து பஸ் பிடித்து வந்தாலும் முதலில் குழாயடிதான்.

போன வருடம் தைப்பொங்கல் கழிந்து, கெலிஓயாவிலிருந்து பிரேமிளா என்று ஒருவர் கூப்பிட்டார். அவர் கணவர் கிருஷ்ணராஜும் எங்களைப் போல ரயில் பைத்தியம். மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மூன்று பெட்டி பழைய இதழ்களைப் பிரேமிளா சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். போனேன். 1963ஆம் வருட இதழ் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு தோட்டத்து ரயில் பாதையின் வரைபடம் இருந்தது.

"அண்ணே, இது எங்க மாமா வேல செஞ்ச லைன். கறுப்பையான்னு பேரு. நீங்க இதப் பத்தி எழுதினீங்கன்னா, மாமா தூங்கலன்னு ஒரு வரி போடுங்க."

விஷயம் இதுதான். 1961இல் தேயிலைக் கொழுந்து ஏற்றிய டிரொலி ஒன்று சங்கிலி அறுந்து சரிவில் ஓடியது. அப்படி ஓடிவரும் வண்டியைப் பாதி வழியில் ஒரு கிளைப் பாதைக்குத் திருப்பி, மண்மேட்டில் முட்டி நிற்க வைப்பார்கள். பிடியை இழுத்துப் பாதையைத் திருப்புவது கறுப்பையாவின் வேலை. அன்று வண்டி திரும்பவில்லை. கீழே கொழுந்து நிறுக்குமிடத்தில் நின்ற நான்கு பெண்கள் செத்தார்கள். நேரம், மாலை 4.10.

கறுப்பையா தூங்கிவிட்டான் என்றார் தோட்டத்தை நடத்திய துரை. கிளைப் பாதையை இரண்டு வாரத்துக்கு முன்பே கழற்றிவிட்டு, பிடியையும் ஆணி அடித்து இறுக்கச் சொன்னது நீங்கள்தானே என்றார் கறுப்பையா. யார் கேட்டார்கள்? இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளில் அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். தூங்கியதை ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

"சாகுற வரைக்கும் கொலகாரன்னுதான் சொன்னாங்க" என்றார் பிரேமிளா. "போன மாசம் மகளுக்கு வந்த சம்பந்தம்கூட அதச் சொல்லித்தான் கலைஞ்சு போச்சு."

"பார்ப்போம் தங்கச்சி" என்றேன். உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை. வரைபடத்தில் கிளைப் பாதை அழகாக இருந்தது. விபத்து 1961, இதழ் 1963. பாதை கழற்றப்பட்டிருந்தால் எப்படி அச்சில் வரும்? எங்களைப் போன்றவர்களுக்கு இதழில் வந்தால் அது வேதவாக்கு.

வரைபடத்தில் இருந்தபடியே கட்டினேன். சரிவு, கிளைப் பாதை, தீக்குச்சி அளவில் ஒரு பிடி. கீழே நான்கு கொழுந்துப் பெண் பொம்மைகள். இதழுக்குக் கட்டுரையும் எழுதினேன். 'பணியாளர் உறங்கியதால்' என்றே எழுதினேன்.

ஜூன் 14, சனிக்கிழமை. பிற்பகல் 3.50. இப்திகார் வந்திருந்தான். அவனுக்குக் காட்ட 1963 இதழைத் திறந்தேன். வரைபடத்தில், சரியாகக் கிளைப் பாதையின்மேல், கறுப்பாக ஒரு விரல் அடையாளம். கிறீஸ் வாடை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"கை கழுவினியா?"

"ரெண்டு தரம் கழுவினேன் மச்சான்" என்றான் இப்திகார்.

"அப்ப இது என்ன?"

அவன் தன் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அதில் பாதிகூட இல்லை. அந்த அடையாளத்தின் குறுக்கே சரிவாக ஒரு வெட்டுத் தழும்பும் இருந்தது. இருந்தாலும் ஏசினேன். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மறுநாள் காலை 7.20. அறை பூட்டியபடி இருந்தது. சாவி என்னிடம். உள்ளே, கிளைப் பாதையின் தண்டவாளம் கழன்று கிடந்தது. பிய்க்கப்படவில்லை. பக்குவமாகக் கழற்றப்பட்டிருந்தது. அரிசிக் குருணை அளவு ஆணிகள் அறுபத்து நான்கும் ஒரு குவியலாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

பூனை என்று சொல்லலாம். பூனை ஆணி கழற்றுமா?

மறுபடி பதித்தேன். மறுபடி கழன்றது. ஐந்து தரம். அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறாவது தரம் சூப்பர் குளூ ஊற்றி ஒட்டினேன். இனிக் கழற்று பார்ப்போம் என்று வெறும் அறையில் சொல்லிவிட்டும் வந்தேன்.

ஜூலை 10. எசல போயா விடுமுறை. நிரஞ்சனி பல்லேகலவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும். கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிடலாம் என்று கணினி முன் உட்கார்ந்தேன். நல்ல மழை. 3.55க்குக் கரண்ட் போனது. பட்டப்பகலிலேயே அறை இருண்டது.

4.06.

டக்.

மேசையிலிருந்து வந்தது. எலி என்று நினைத்தேன்.

டக்... டக்...

எழுந்து போய்ப் பார்த்தேன். தீக்குச்சி அளவுப் பிடி அசைந்தது. பாதி வரும். திரும்பிப் போகும். யாரோ இழுக்கிறார்கள்... திரும்ப மறுக்கிற பிடியை.

4.08. என் காதருகே ஒரு மூச்சு. பாரம் இழுக்கிறவன் விடுகிற மூச்சு.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை.

4.09. மேட்டு உச்சியில் நின்ற டிரொலி நகர்ந்தது. கரண்ட் இல்லை.

கிர்ர்ர்ர்...

டக். டக். டக்.

கிளைப் பாதையைப் பார்த்தேன்.

இல்லை.

ஒட்டி வைத்த தண்டவாளம்... இல்லை. கட்டைகள் கிடந்த தடம் மட்டும்.

"இழுங்கய்யா..."

சொன்னது நான்தான்.

டக். டக். டக். டக்.

திரும்பவில்லை.

நான்கு பொம்மைகளும் விழுந்தன.

4.10.

பிறகு ஒருவர் அழுதார். ஆண் குரல். மிகப் பக்கத்தில்...

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கைப்பேசி வெளிச்சத்தை அடித்தபோது, 1963 இதழ் திறந்து கிடந்தது. நான் திறக்கவில்லை. வரைபடத்தின் கீழ் மூலையில் இன்னொரு விரல் அடையாளம். ஈரமாக. அதே தழும்பு. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆறு மாதமாக அந்தப் பக்கத்தைப் பார்த்த நான், அதை ஒருநாளும் வாசிக்கவில்லை.

'அளவெடுத்தது 1958.'

விபத்துக்கு மூன்று வருடம் முன்பு. அச்சாகத்தான் ஐந்து வருடம் பிந்தியிருக்கிறது. விபத்து நாளில் அங்கே கிளைப் பாதை இருந்தது என்பதற்கு அந்த வரைபடம் சாட்சியே இல்லை. தேதி தவறினால் கோப்பைத் திருப்புகிற நான், ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று இரண்டாம் தரம் அச்சடிக்கப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

6.40க்குக் கரண்ட் வந்தது. கட்டுரையைத் திருத்தினேன். 'கிளைப் பாதை முன்பே கழற்றப்பட்டிருந்தது என்று கறுப்பையா சாகும்வரை சொன்னார். அவர் உறங்கியதற்கு வேறு சான்று இல்லை. வரைபடம் விபத்துக்கு முந்தியது.' அனுப்பினேன். கிளைப் பாதையை நான் திரும்பப் பதிக்கவில்லை. இப்திகாருக்குப் போன் எடுத்து மன்னிப்பும் கேட்டேன்.

ஒக்டோபரில் இதழ் வந்தது. பொலித்தீன் உறையில், ஒட்டியபடி. கை கழுவினேன். துடைத்தேன். நானே கிழித்துத் திறந்தேன். 38ஆம் பக்கத்தில் என் மூன்று வரிகளும் அப்படியே இருந்தன.

அதன் கீழே கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். கொஞ்சமும் கலையாமல், நேராக வைத்து அழுத்தியது. குறுக்கே அந்தத் தழும்பு.

அன்றே கெலிஓயாவுக்குப் போனேன். மூன்று வரிகளையும் பிரேமிளாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அந்த அடையாளத்தைப் பார்த்தார். அழுகை நின்றது. அலுமாரியைத் திறந்து ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தோட்டத்தில் கைநாட்டு வாங்கிய தாளின் பிரதி.

இரண்டும் ஒரே விரல்.

"மாமா எப்ப தவறினாரு?" என்று கேட்டேன்.

"எண்பத்தி எட்டுல."

அவர் இதழை வாங்கி, மகளின் ஜாதகத்தோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்தார். பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஆனா அப்பவும் இந்த வெரல் அவருக்கு இல்லண்ணே. தாள்ல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே, தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால வெட்டிக்கிட்டாரு. உண்மைய எழுதுற வரைக்கும் எதுலயும் கைநாட்டு வைக்க மாட்டேன்னு."