கோகிலனின் சிவப்புப் பூட்டு

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதியில் கோகிலனின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. கார் போர்ச் தூணில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றடுக்கு விளக்கு நிற்கும் வீடு எது என்று கேட்டால் போதும். தொழிற்சாலை இயந்திரங்களின் தலையில் இருக்கும் விளக்கு அது. பச்சை எரிந்தால் நலம். சிவப்பு எரிந்தால் வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே வர முடியாது.

கோகிலனுக்கு ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை, பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷன். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா ராமையா அங்கே பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. ராமையாவுக்கு இப்போது ஆஸ்துமா. மருந்து உறிஞ்சும் குழாய் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு மாலையில், ராமையா மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தார்கள். அவர் கழுத்தில் பாராங் கத்தியை வைத்தார்கள். கிரில் கதவுக்கு உள்ளே மருமகள் சரளா சாவியோடு நின்றிருந்தாள். திறந்துவிட்டாள். தாலிச் சங்கிலி போனது. அன்றிலிருந்து அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான்.

போன நகையைப் பற்றிக் கோகிலன் அதிகம் பேசவில்லை. அவள் திறந்தாள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தார். திறக்காமல் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று சரளா கேட்டாள். அவர் ஒரு பதிலைக் கட்டத் தொடங்கினார். திறக்கவே முடியாதவளை மிரட்டி யாருக்கு என்ன லாபம்?

தொழிற்சாலையில் பழைய இயந்திர வரிசை ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதன் மூளையாக இருந்த பி.எல்.சி. கருவியைக் கேட்டு வாங்கி வந்தார். எந்த சுவிட்ச் தட்டினால் எந்த மோட்டார் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டி அது. நாள் முழுக்க மலைமலையாகக் கையுறைகளை ஓட்டிய கருவிக்கு ஒரு சின்ன வீட்டைக் காவல் காப்பது பெரிய வேலையா? சன்னல்களில் சென்சாரும், மின்சாரம் போனாலும் ஓட ஒரு பேட்டரியும் வைத்தார். முன், பின் கிரில்களில், பொழுது சாய்ந்ததும் தானாக விழுந்து விடிந்ததும் தானாக விலகும் ஸ்பிரிங் தாழ்கள் பொருத்தினார். யாராவது சன்னலை நெம்பினாலோ மின்கம்பியை வெட்டினாலோ தாழ்கள் விழும், சைரன் அலறும், சிவப்பு எரியும்.

அதுவரை சரி. ஆனால் தொழிற்சாலையின் பழக்கங்களும் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டன. நின்ற இயந்திரம் மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடக்கூடாது, ஒரு மனிதர் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தான் இயந்திரத்தைச் சுற்றிய வேலிக்கு வெளியே இருக்க வேண்டும். கோகிலன் அதை அப்படியே செய்தார். பொத்தானை போர்ச்சில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, தன் சிவப்புப் பூட்டுகளில் ஒன்றைப் போட்டார்.

சிவப்புப் பூட்டு பராமரிப்பு ஆட்களின் உயிர். இயந்திரத்துக்குள் இறங்குமுன், யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாதபடி, ஒவ்வொருவரும் தன் பூட்டை மின்பெட்டியில் மாட்டுவார். பெயரும் படமும் பராமரிப்புப் பிரிவின் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டை அதில் தொங்கும். போட்டவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. கோகிலனின் சாவி அவர் கழுத்திலேயே கிடக்கும்.

"தோட்டத்துல கங்காணிகூட எங்கள இப்படி அடைச்சு வைக்கல லா," என்று ராமையா முதல் நாளே சொன்னார். கோகிலன் சிரித்துக்கொண்டார்.

சென்ற மாதம் ஒரு மதியம் ஈப்போவின் வழக்கமான இடி. மின்சாரம் போனது. கருவிக்கு அது இடி என்று தெரியாது. யாரோ கம்பியை வெட்டிவிட்டதாக எடுத்துக்கொண்டு இரண்டு தாழ்களையும் போட்டது. சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது, விசிறி சுற்றியது, மின்சோற்றுப் பானையின் விளக்கும் எரிந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

சைரன் சத்தத்திலும் ஈரக் காற்றிலும் ராமையாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. குழாயை அழுத்தினார். அது காலி. சரளா கணவரை அழைத்தாள். தொழிற்சாலைக்குள் கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லை. அது அவருடைய லாக்கரில் மணியடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அலெக்சாண்டர் குடையோடு ஓடி வந்தார். தீயணைப்புப் படையான பொம்பாவை அழைத்தார். வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சுத்தியலால் பூட்டை அடித்தார். அசையவில்லை. கோகிலன் எதையும் அரைகுறையாகச் செய்பவரல்லர்.

"பெட்டியில என்னாம்மா இருக்கு?"

"பொத்தான்தான் அண்ணே. ஒரு அமுக்கு அமுக்கினா போதும்."

பூட்டில் தொங்கிய அட்டையைப் படித்து, அதிலிருந்த எண்ணுக்கு அலெக்சாண்டர் அழைத்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் பறந்தார். சரளா மாமனாரைக் கிரில் ஓரம் உட்கார வைத்து முதுகைத் தடவினாள். வெளிக்காற்று ஒரு முழத்தில் இருந்தது. ராமையா கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி மழையை இழுத்தார். உதடு நீலம் பாரித்தது.

அலெக்சாண்டர் திரும்பி வந்து புதுக் குழாயைக் கம்பி வழியாக நீட்டினார். முதல் அழுத்தில் இருமினார் கிழவர். அடுத்ததில் கொஞ்சம் உள்ளே போனது.

அந்த நேரம் கோகிலன் ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் படுத்திருந்தார். சூப்பர்வைசர் சுரேன் வந்து விஷயத்தைச் சொன்னார். எழுந்து ஓடியவர் பாதி வழியில் திரும்பினார். இயந்திரத்தில் மாட்டிய பூட்டை அவர்தானே கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு, நனைந்துகொண்டே மோட்டாரில் வந்தார். பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினார். பச்சை எரிந்தது. அப்போதுதான் பொம்பா வண்டி தெருவுக்குள் நுழைந்தது. சரளா மாமனாரைக் கைத்தாங்கலாக நடத்தி, கணவரைத் தாண்டி, அலெக்சாண்டரின் காரில் ஏற்றினாள். 

ராமையா பிழைத்து வீட்டுக்கு வந்தார். அன்றே சரளா ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினாள். முன் கிரில்லின் தாழ் உள்ளே இழுத்திருந்த நேரம் பார்த்து, அதன் துளையில் அந்தப் பூட்டை மாட்டிவிட்டாள். இனி அந்தத் தாழ் விழாது. பொழுது சாய்ந்ததும் கருவி கதவைப் பூட்டப் பார்த்தது. முடியவில்லை. ஏதோ கோளாறு என்று மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது.

கோகிலன் வேலை முடிந்து வந்து பார்த்தார். சாவியைக் கேட்டார்.

"யாரு பூட்டோ அவங்கதாங்க கழட்டணும்," என்றாள் சரளா. "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"மறுபடி அவனுங்க வந்தா?"

"வரட்டும். கதவு திறந்தா நாங்களாவது ஓடுவோம்."

உள்ளேயிருந்து ராமையா சிரிப்பது கேட்டது. பிறகு இருமினார்.

இரும்பை நறுக்கும் கத்திரி தொழிற்சாலை ஸ்டோரில்தான் இருக்கிறது. பித்தளைப் பூட்டு அதற்கு ஒரு கடி. ஆனால் இத்தனை வருட வேலையில் கோகிலன் இன்னொருவர் பூட்டை வெட்டியதில்லை. சாப்பிட்டதும் நாற்காலியைக் கிரில் முன்னால் இழுத்துப் போட்டு உட்காருகிறார். சரளா படுக்கக் கூப்பிட்டால், வருகிறேன் என்கிறார். தெருமுனையில் மோட்டார் வேகம் குறைந்தால் எழுந்து நிற்கிறார். அது போனதும் உட்காருகிறார். மஞ்சள் விளக்கு அவர் முகத்தில் மின்னி மின்னி அணைகிறது. சாவி சரளாவின் மஞ்சள் கயிற்றில் தொங்குகிறது.