தையல்காரருக்கு வந்த பாட்டில்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைத் தையல்காரர் என்றுதான் கூப்பிடுவோம். சட்டை தைக்கிறவர் இல்லை. பிணவறையில் உடலை அறுத்து, டாக்டர் பார்த்து முடித்ததும் மறுபடி தைத்து, கழுவி, துணி சுற்றிக் கொடுக்கிறவர். நான் பிண வண்டி ஓட்டுகிறவன். கொண்டுவந்து இறக்குவதோடு என் வேலை முடிந்தது, பாக்கி எல்லாம் அவர் தலையில். அவர் மகள் பள்ளிக்கூடத்தில், "எங்கப்பா தையல்காரர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லையே.

வேலைக்குச் சேர்ந்தபோது அவர் பீடிகூடத் தொட்டதில்லை. முதல் நாளே தண்ணீரில் ஊறிய உடல் வந்தது. கத்தியை எடுக்கும் முன்பே வாந்தி எடுத்துவிட்டார். அங்கிருந்த மூத்த ஆள் ஒரு டம்ளரை நீட்டி, "மருந்துன்னு நெனச்சு முழுங்கு. இல்லன்னா நாளைக்கு நீ வர மாட்ட" என்றார். முழுங்கினார். மறுநாளும் வந்தார். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்று, "போட்டாச்சா? அப்ப ஆரம்பி" என்பார்.

உடலை வாங்க வருகிறவர்களும் சும்மா வருவதில்லை, கையில் பாட்டிலோடு வருவார்கள். குடிக்காமல் அறுத்தால் கை முரட்டுத்தனமாய்ப் போகும், செத்தவர் முகம் கெட்டுவிடும் என்று வாசலில் காத்திருக்கிறவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். சாப்பிடும்போது அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வீட்டில் தூக்கத்தில் கத்துவார். பகலில் நாற்றத்துக்குக் குடித்தவர் ராத்திரி தூக்கத்துக்குக் குடிக்க ஆரம்பித்தார். பிறகு காரணமே தேவைப்படவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

ஆபீஸ் கிளார்க் ஒருமுறை, "கொழுப்பெடுத்துக் குடிக்கிறான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு நாள் உள்ள வந்து நில்லுங்க சார்" என்றேன். உள்ளே வரவில்லை, எனக்கு மெமோ அனுப்பினார்.

ஒரு நாள் தையல்காரர் மனைவியைக் கை நீட்டி அடித்துவிட்டார். அவள் மகளை இழுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் குடியை நிறுத்த வைத்தியத்துக்குப் படுத்தார். ஒரு வாய் போனாலும் பழைய இடத்துக்கே வந்து நிற்பாய் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். வாசல் காவலுக்கோ தோட்ட வேலைக்கோ மாற்றச் சொல்லி ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். "இத வேற யாருப்பா செய்வா?" என்று அங்கே கேட்டதோடு சரி. மூக்கில் தைலத்தை அப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடவில்லை. அவர் மனைவி வந்து பார்த்தாள், அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மனுஷன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்.

இது நடந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. குடித்துவிட்டு மாடிப்படியில் உருண்டு செத்த ஒருவரை நான்தான் கொண்டு வந்தேன். பின்னாலேயே அவர் பெண்சாதியும் அவள் தம்பியும் வந்தார்கள். வாசலில் யார் ஓதினார்களோ, அந்த அம்மாள் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்து நீட்டினாள்.

"வேணாம்மா. எடுத்துட்டுப் போங்க."

"சின்னதுன்னு கோவமாண்ணே?"

"நான் குடிய விட்டுட்டேன்மா."

தம்பி அக்காவைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் ஏதோ சொன்னான். திரும்பி வந்தபோது அவள் கையில் பெரிய பாட்டில் இருந்தது. வேண்டாம் என்றதை இன்னும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த வாசலில் அதற்கு அதுதான் அர்த்தம்.

நான் குறுக்கே போய், "அம்மா, சத்தியமா விட்டுட்டாரும்மா. முகத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். நான் பங்கு கேட்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, என்னையும் கும்பிட்டாள்.

தையல்காரர் அவளைச் சமாதானப்படுத்த அதை வாங்கி ஜன்னலில் வைத்தார். "சரிம்மா, வாங்கிக்கிட்டேன். போய் உக்காருங்க." அவள் நகரவில்லை.

"குடிச்சிட்டு உள்ள போங்கண்ணே."

"அப்புறமா குடிச்சிக்கிறேம்மா."

"இல்லண்ணே. நான் பாக்கணும்." அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவர் உசிரோட இருந்தப்ப அந்தக் கடை இருக்கிற தெருப் பக்கம்கூட நான் போனதில்லண்ணே. இன்னைக்கு ரெண்டு தடவ போய் வரிசையில நின்னேன். எல்லா ஆம்பளைங்களும் என்னையே பாத்தாங்க. புள்ளைங்க ரெண்டும் கடைசியா அப்பா மொகத்தப் பாக்கணும்னு வீட்ல உக்காந்திருக்குதுங்க. வெறுங்கோவத்துல கத்திய வைக்காதீங்கண்ணே, கால்ல விழுறேன்."

விழுந்தாள். அவர் பதறிப் பின்னால் போகப் போக, தரையில் தவழ்ந்து வந்து காலைப் பிடித்தாள். உள்ளேயிருந்து டாக்டர், "என்னய்யா அங்க? குடிச்சித் தொலைச்சிட்டு வா, எனக்கு நேரமாச்சு" என்று கத்தினார்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாட்டிலைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் என்று நினைத்தேன். அடித்தால் அவள் மூன்றாவது தடவையும் அந்த வரிசையில் போய் நிற்பாள்.

அவர் மூடியைத் திருகினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு வாய் குடித்தார்.

காலையிலிருந்து முதல் தடவையாக அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. எழுந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கை கூப்பினாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணே. உங்க பொண்டாட்டி புள்ள நல்லா இருக்கணும்."

தையல்காரர் தலையை ஆட்டிவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.