மாப்பிள்ளைக்குப் போன மெமரி

பிராசஸர் வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கக்கூட இம்புட்டு யோசிக்க மாட்டா" என்று அம்மா அக்காவிடம் போனில் சொன்னாள். அக்காவுக்கு யோசிக்காமல் பார்த்த மாப்பிள்ளை எப்படி அமைந்தார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கட்டாத சமையலறையையும் போடாத அலமாரியையும் கம்ப்யூட்டரில் வரைந்து, நடந்து பார்க்கிற மாதிரி ஓட்டிக் காட்டுவது என் தொழில். மும்பை தாராவியில் எங்கள் வீட்டு மேல் அறைக்குத் தகரக் கூரை. மே மாதத்தில் மனிதர்களுக்கே அங்கே மூச்சு முட்டும். இதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேறு சூட்டைக் கக்கினால் யார் உட்காருவது? அதை வாங்க வசதியும் இல்லை. நல்ல கிராஃபிக்ஸ் தனக்குள்ளேயே இருக்கிற பிராசஸர்தான் எனக்குச் சரி என்று முடிவு செய்தேன். லாமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர் வேறொன்றை நீட்டி, "யே லேலோ மேடம், ஸ்பீட் ஜாஸ்தி ஹை", இதை எடுத்துக்கொள்ளுங்கள், வேகம் அதிகம் என்றார். அந்த ஸ்பீடு கணக்குப் பார்க்கிறவர்களுக்கு, எனக்குப் படம் ஓட வேண்டும் என்று சொல்லி, கேட்டதையே வாங்கி வந்தேன்.

அந்த வகைப் பிராசஸருக்கு ஒரு குணம் உண்டு. தனி கார்டுக்குச் சொந்த மெமரி இருக்கும். இதற்குக் கிடையாது, கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் மெமரிப் பட்டைகளை இரண்டாக, ஜோடியாகப் போட வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் ஒரு கையால் மாவு பிசைகிற கதைதான். பெட்டி ஓடும், படம் ஓடாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். செம்பூரிலிருந்து வரும் அக்கா வீட்டுக்காரருக்கும் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு அத்தான் அதே கடையில் தனக்கும் அதே மாதிரிப் பெட்டி ஒன்று செய்துகொண்டார், கிரிக்கெட் கேம் விளையாட. மெமரி மட்டும் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்.

மாட்டுங்காவில் ஓர் இன்டீரியர் ஆபீஸ் என்னை அழைத்தது. ஒரு வயதான தம்பதியின் வீட்டை அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், சரியாக வந்தால் இனி எல்லா வேலையும் எனக்குத்தான் என்றார் அந்த ஆபீஸை நடத்தும் மேடம். துண்டு துண்டாக வேலை தேடி அலைந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை! சனிக்கிழமை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. திங்கட்கிழமை காலை டாக்ஸியில் கொண்டுபோக அன்றைக்கே ஒயர்களைக் கழற்றி, பெட்டியைப் போர்வையில் சுற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் மான்குர்தில் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மேடத்தின் பெரிய திரையில் வாசல் கதவு திறந்தது. ஹாலில் படம் திக்கியது. சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்மா, நின்னு நின்னு போறதே?" என்றார் அந்தத் தம்பதியில் மாமி. "உள்ள போய்ப் பாக்க முடியாதா?"

பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டு மெமரி இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் வெறும் பள்ளம். பார்க்கலாம், போன் செய்கிறேன் என்று மேடம் இந்தியில் சொன்னார். அந்தப் போன் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்குவதற்குள் யார் எடுத்தது என்று கேட்டேன். அம்மா முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை.

"நேத்து மாப்பிள்ளை வந்தாவ. அவுக பெட்டியில அது கெட்டுப் போச்சாம். இதுல ரெண்டு இருக்கே, ஒண்ணு எடுத்துக்கிடட்டான்னு கேட்டாவ. மாப்பிள்ளை வாய் விட்டுக் கேக்கும்போது இல்லன்னு சொல்ல முடியுமாட்டி?"

"எனக்கு ஒரு போன் போட்டா என்ன?"

"ரெண்டுல ஒண்ணுதான எடுத்தாவ. உன் பெட்டி ஓடத்தான செய்யுது?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? மருமகன் கேட்டால் இல்லை என்று சொல்லாத வீடு என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. மீன் குழம்பில் நடுத்துண்டு அவருக்கு, மின்விசிறிக்கு நேர்கீழே இடம் அவருக்கு. அதெல்லாம் அம்மா கொடுத்தது, நான் பேசியதில்லை. என் பிழைப்பையும் அந்தத் தட்டிலேயே வைத்துக் கொடுப்பாள் என்று நினைக்கவில்லை. அப்பா, "விடு, வேற வாங்கிக்கலாம்" என்றார். மெமரியை வாங்கலாம். மேடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் சாப்பிட வந்தார். ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று காத்திருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நீ சொன்னது சரிதான். ஒண்ணு போட்டா கேம் நின்னு நின்னுதான் ஓடுது. ஜோடியா இருந்தாத்தான் வேலைக்கு ஆவும் போல."

அம்மா குழம்புக் கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் அந்த வேலையும் இல்லன்னு ஆயிட்டே. மிச்சம் இருக்க ஒண்ணையும் எடுத்துக் குடுத்துரேன்ட்டி."

"தர மாட்டேன்" என்றேன். "எடுத்துட்டுப் போனதையும் கொண்டு வந்து தாங்க."

அத்தான் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். எடுத்துப் போனது இன்றுவரை திரும்பவில்லை, வேறு வாங்கலாம் என்ற அப்பாவும் சொன்னதோடு சரி. அம்மா என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை. மேலே உட்கார்ந்து ஒற்றை மெமரியில் வேலை செய்யும்போது, கீழே அம்மா அக்காவிடம் போனில் சொல்லி அழுவது கேட்கும். "மாப்பிள்ளை பாதிச் சோத்துல எந்திரிச்சிப் போயிட்டாவளே, அத நெனச்சா எனக்குத் தூக்கமே வரல."