பதினேழாம் வாரத்துப் போர்ட்டர்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை இன்றும் எங்காவது மூக்கில் ஏறினால், மணியாச்சி ரயில் நிலையத்தில் வெள்ளைக்காரக் கலெக்டரைச் சுட்ட சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. மழை பொய்த்துக் கரிசல் வெடித்துக் கிடந்த அந்த வருஷம், நாகலாபுரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடித் தீப்பெட்டி ஒட்ட, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை அவர்களுக்கு நான் வாசிப்பேன். அங்கே எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மணியாச்சியில் நடந்த சரித்திரத்தோடு கற்பனையைக் கலந்து எழுதிய கதை அது. துப்பாக்கியைக் கூடையில் மறைத்துக் கொண்டுபோகும் போர்ட்டர் ஒருவர் அதில் வந்தார். பன்னிரண்டு வயது வாய் சும்மா இருக்குமா? "அது எங்க பூட்டன்தான்" என்று அளந்துவிட்டேன். பூட்டனார் மணியாச்சியில் மூட்டை தூக்கினார் என்பது மட்டுமே உண்மை. எல்லாரும் நம்பினார்கள். எங்கள் வீடு "போர்ட்டர் வீடு" ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினேழாம் வாரம், அந்தப் போர்ட்டர்தான் காட்டிக்கொடுத்தவன் என்று வந்தது. வாசித்துக்கொண்டே போனவளுக்குப் பாதி வரியில்தான் உறைத்தது. ஒட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. "அச்சுலயே போட்டுருக்கான், பொய்யாவா இருக்கும்?" என்றாள் எதிர்வீட்டுச் சித்தி. நான் சொன்னதுதான் பொய் என்று அழுதேன். "இப்பம் மாத்திப் பேசுதா பாரு" என்றார்கள்.

அக்காவுக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்த சமயம். "காட்டிக்கொடுத்த வீட்டுல அவிய பொண்ணு எடுக்க மாட்டாவளாம்" என்று தரகர் வாசலோடு சொல்லிவிட்டுப் போனார். பிறகு வந்த இடங்களும் அந்தப் பேச்சைக் கேட்டே திரும்பின. அப்பா என்னை அடிக்கவில்லை, பத்திரிகையை மட்டும் நிறுத்தினார். அடித்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தக் கதை நாவலாகக் கிடைத்தது. நின்றபடியே புரட்டினேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் காட்டிக்கொடுத்தவன் வேறொருவன் என்று தெரிந்துவிடுகிறது. போர்ட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இன்னும் இரண்டே வாரம் வாசித்திருக்க வேண்டும்.

ஊரில் பசைச் சட்டியும் இல்லை, கூடி உட்காரும் பெண்களும் இல்லை. பெட்டி இப்போது இயந்திரத்தில் வருகிறது. அக்கா மட்டும் அதே வீட்டில் தனியாக, கண் மங்கி இருக்கிறாள். போர்ட்டர் கதை என்று சொல்லிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ பாதியில விட்ட கததான ஏட்டி? விட்ட எடத்துலருந்து வாசி" என்றாள்.

வாசித்தேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.