பாவித்த ஸ்கேனர்

வண்டிக் கோளாறு காட்டும் ஸ்கேனர், அதுவும் இன்னொருவர் பாவித்தது, வாங்கக் கம்பளைக்குப் போகும்போதே எனக்கு எரிச்சல். முப்பது வருஷமாக எஞ்சினில் காதை வைத்துக் கோளாறு கண்டுபிடித்தவன் நான். இப்போது வருகிற ஹைபிரிட் சனியன்களுக்குக் காது போதாது. கடுகண்ணாவையில் இருக்கும் என் கராஜுக்கு வருகிறவர்கள் முதலில் "பாஸ், ஸ்கேனர் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்றால் பேராதனைப் பக்கம் போய்விடுவார்கள். இப்படியே இன்னும் மூன்று மாதம் போனால் கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தங்கச்சியும் கூட வந்தாள். வாங்கப்போவது அவள் காசில். முந்தின வருஷம் ஐப்பசி மழையில், கடுகண்ணாவை இறக்கத்தில் அவள் புருஷன் ஓட்டிவந்த வேன் பள்ளத்தில் விழுந்தது. ஆள் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான். இன்சூரன்ஸில் வந்து செலவுபோக மிஞ்சியதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பன்விலயிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். ஸ்கேனர் வாங்கி கராஜ் ஓடினால் வருமானத்தில் பாதி அவளுக்கு என்று பேசியிருந்தோம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளுக்கு வேறு வழியும் இல்லை.

"காசு எதுக்குப் போகுதுன்னு நானும் கண்ணால பாக்கணும்ணே" என்றாள்.

விற்கிறவர் எனக்குப் பழக்கமான முஸ்லிம் மெக்கானிக், நானா என்றுதான் கூப்பிடுவேன். சீனி வருத்தத்தில் கண் இரண்டும் மங்கிப்போய்த் தொழிலை விட்டுவிட்டார். அதற்கு முன்னால் என்னால் முடியாத வண்டிகளை அவரிடம் கொண்டுபோய்த்தான் ஸ்கேன் பண்ணுவேன். தங்கச்சிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ கொடுத்து, ஸ்கேனரைத் துணியிலிருந்து பிரித்தார்.

"ஒரிஜினல் சாமான் தம்பி. கொப்பி இல்ல. பட்டரி மட்டும் கொஞ்சம் வீக்கா ஈக்கு."

நான் சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. கேபிளின் பின்களை ஒவ்வொன்றாக டோர்ச் அடித்துப் பார்த்தேன். வாசலில் நின்ற அவருடைய மருமகனின் ஹைபிரிட் காரில் சொருகினேன். திரையில் எஞ்சின் பக்கம் திறந்தது. கியர் பக்கம் திறந்தது. பெரிய பட்டரியின் செல்கள் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் காட்டியது. அப்டேட் வருவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் எங்கள் ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு அது பெரிய குறை இல்லை. கேட்ட விலைக்குத் தாராளமாக வாங்கலாம். வெகு நாளைக்குப் பிறகு எனக்கு மனம் லேசானது, பொய் சொல்லக் கூடாது.

சாமான் எவ்வளவு உழைத்திருக்கிறது என்று பார்க்கத்தான் பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன். பார்த்த வண்டியின் நம்பரை அடித்து வைப்பது நானாவின் பழக்கம். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். மச்சானின் வேன் நம்பர் வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு தரம்.

அந்த வேனில் ஏபிஎஸ் லைட் எரிந்தது. சறுக்குகிற ரோட்டில் பிரேக் பிடித்தால் சில்லு இறுகி இழுபடாமல் காப்பது அந்த ஏபிஎஸ். அதன் பம்ப் போய்க்கொண்டிருந்தது. பாவித்த பம்ப் ஒன்று தேடிப் பிடிக்கவே மாதக்கணக்காகும். மீட்டரில் லைட் எரிகிற வேனை ஹயருக்குக் கூப்பிட மாட்டோம் என்று அவனுக்கு வாடகை ஓட்டம் கொடுக்கிற கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். இந்தப் பக்கத்து கராஜ்களில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வேனை நானாவிடம் கொண்டுபோய், பம்பைத் தொடாமல், வேனில் பதிவான கோளாறை மட்டும் அழித்து லைட்டை அணைத்தேன். நாலு நாளில் திரும்ப எரிந்தது. திரும்ப அழித்தேன். பம்ப் நன்றாக இருந்திருந்தால் மச்சான் தப்பியிருப்பானா? தெரியாது. தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

ஸ்கேனரை மேசையில் வைத்தேன். "இது வேணாம் நானா. சரிவராது."

"என்ன தம்பி, இவ்வளவு நேரம் நல்லம் நல்லம் எண்டீங்க?" நானாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்கும் காசு அவசரம். தங்கச்சி பக்கம் திரும்பினார். "மகள், நீங்க சொல்லுங்கோ. ஒங்கட மாப்புளட வேனையும் இதிலதானே பார்த்தோம். மவுத்தாகிறதுக்குக் கொஞ்சம் முந்தி. நம்பர் இன்னும் உள்ள ஈக்கும்."

அந்த மனுஷன் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. சாமானுக்கு நற்சாட்சி சொல்வதாகத்தான் நினைத்தார்.

தங்கச்சி எழுந்து வந்தாள். திரை இன்னும் அணையவில்லை. புருஷனின் வேன் நம்பர் அவளுக்கு மறக்குமா? தேதியைப் பார்த்தாள். கீழே சிவப்பில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இது பிரேக்னு தானே போட்டிருக்கு?"

"ம்."

"அவரு போறதுக்கு ஒம்பது நாளுக்கு முந்தி."

நானா டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போய்விட்டார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து எவ்வளவு சந்தோஷமா சொன்னாரு தெரியுமா? மச்சான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டாரு, அஞ்சு சதம் வாங்கலன்னு. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு நேர்ச்சைக்கு மாதா கோயிலுக்கு அந்த வேன்லதான் போனோம். சரி பண்ணலையா?"

"லைட்ட மட்டும் அணைச்சேன்."

"சாவு வீட்டுல மழைன்னு சொன்னீங்க."

"மழையும்தான் பெஞ்சிச்சு."

அப்படிச் சொன்ன வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவள் அழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"லைட்டுதான் அணைஞ்சிருக்கு, உள்ள கோளாறு அப்படியேதான் இருக்குன்னு அவருக்குச் சொன்னீங்களா?"

சொன்னேன் என்றால் முடிந்தது. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. பழி அவன் தலையில் போய்விடும், அவளும் நம்பிவிடுவாள். வாய்வரைக்கும் வந்தது.

"சொல்லல" என்றேன். "பம்ப் கிடைச்சதும் போட்டுடலாம்னு நெனச்சேன். சரி பண்ணிட்டேன்னுதான் சாவியக் குடுத்தேன்."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள். பஸ் ஸ்டாண்ட் வரை பின்னாலேயே போனேன். கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறியதும் பக்கத்து ஸீட்டில் பையை வைத்தாள். நான் இறங்கி நின்றேன்.

ஸ்கேனரை நானா வேறு ஆளுக்கு விற்றார். தையோடு நான் கராஜை மூடினேன். தங்கச்சியின் பெரிய மகள் முதல் நன்மை வாங்கும் பூசைக்கு அழைப்பு வந்தது. கோயில் வாசலில் தங்கச்சி எல்லோரையும் "வாங்க" என்று கூப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டாள், மற்றவர்களைக் கூப்பிட்ட மாதிரியே. அண்ணே என்று சொல்லவில்லை.