'எப்போதும்' என்ற பொத்தான்

போன வாரம் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு நல்ல காரியம் செய்தார். அதற்காக அவரிடம் கோபித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

நல்லது செய்தவரிடம் கோபமா? சொல்கிறேன்... நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை நான் எழுதும் லேப்டாப் என் மகள் தர்ஷினியுடையது. இங்கே பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியராக இருந்தவள். போன வருடம் அவளை ஜெர்மனியில் உள்ள கிளைக்கு மாற்றினார்கள். "நான் அங்க போயி புதுசு வாங்கிக்கிறேன்மா, இத நீங்க வெச்சுக்குங்க" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்துவிட்டு விமானம் ஏறினாள்.

அதிலிருந்த ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு அவள் வருடச் சந்தா கட்டி வந்திருக்கிறாள். சந்தா முடிந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஒரு நாள் பாதிக் கட்டுரையில், 'படிக்கலாம், ஆனால் திருத்த முடியாது' என்று அது கையை விரித்துவிட்டது. பதறிப்போய் மகளை அழைத்தேன்.

"காசு கட்ட வேணாம்மா. ஃப்ரீயாவே நல்ல சாஃப்ட்வேர் இருக்கு" என்றாள். அங்கிருந்தபடியே என் லேப்டாப்புக்குள் நுழைந்து, இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். என் திரையில் அம்புக்குறி தானாக ஓடியது. அதை ஓட்டுவது அவள் கை. அது நிற்கும்வரை நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வர ஆரம்பித்தது.

பத்திரிகை ஆபீசிலிருந்து வரும் எந்த ஃபைலைத் தொட்டாலும், 'இதை எதில் திறப்பது?' என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி. பழைய சாஃப்ட்வேரின் பெயர் மேலே, புதியது கீழே. அதற்கும் அடியில் இரண்டு பொத்தான்கள் — 'எப்போதும்', 'ஒரு முறை மட்டும்'.

முதல் தடவை நிஜமாகவே குழம்பித்தான் தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

"கீழ இருக்கிற பேரத் தொடுங்கமா. தொட்டீங்களா? இப்ப 'ஒரு முறை மட்டும்'னு இருக்குல்ல, அத அழுத்துங்க."

அழுத்தினேன். திறந்தது.

"சாப்டீங்களாமா?" என்றாள். அப்புறம் என்ன... பாயான் பாரு பசாரில் மீன் விற்ற விலை, எங்கள் அடுக்குமாடியில் மறுபடியும் லிஃப்ட் நின்றது, அங்கே அவள் ஜன்னலுக்கு வெளியே பெய்த பனி — பேச்சு எங்கெங்கோ போய் வந்தது.

அடுத்த ஃபைல் வந்தது. பெட்டியும் வந்தது. இப்போது எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் போனை எடுத்தேன்.

இத்தனை காலம் கம்ப்யூட்டரில் எழுதிப் பிழைப்பவளுக்கு 'எப்போதும்' என்றால் என்ன என்று தெரியாதா? அதை அழுத்திவிட்டால் பெட்டி மறுபடி எட்டிப் பார்க்காது என்று நன்றாகவே தெரியும். அதனால்தான் அழுத்தவில்லை.

வளர்ந்த பிள்ளையைச் சும்மா கூப்பிட முடிகிறதா, சொல்லுங்கள்? "என்னமா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பதறுகிறாள். ஒன்றுமில்லை என்றால், "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசவா?" என்கிறாள். அந்த 'அப்புறம்' எப்போது வரும்? ஆனால் ஃபைல் திறக்கவில்லை என்று சொன்னால் மட்டும், மீட்டிங்கை விட்டு வெளியே வந்து பேசுகிறாள்.

எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழப் பறந்து இறங்கும். சத்தம் கேட்டால் இன்னமும் பால்கனிக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். அவள் அதில் இல்லை என்று தெரிந்தும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதுவும் கோளாறாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. போன வாரம் நான் பசாருக்குப் போயிருந்த நேரத்தில், கோவில் கமிட்டி அனுப்பிய அறிவிப்பைப் படிக்க லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். பெட்டி வந்திருக்கிறது.

"இது என்னா, எப்பப் பாத்தாலும் கேட்டுக்கிட்டே இருக்கு? புது சாஃப்ட்வேரையே டிஃபால்ட்டா வெச்சுட்டேன். இனிமே கேக்காது லா" என்றார், நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்.

காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு ஃபைலைத் தொட்டேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் திறந்தது.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"நல்லதுதானே செஞ்சேன்?"

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? மத்தியானச் சாப்பாட்டைச் செய்து மேசையில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு ஃபைல்கள் வந்தன, திறந்தன. போன் மேசையில் கிடந்தது. வார இறுதியில் அவரே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"பிள்ளகிட்ட நீ பேசவே இல்லியே?"

"பேச என்ன இருக்கு? அதான் எல்லாம் திறக்குதே."

"நீ பேசுறப்ப நான் டிவி சத்தத்தக் குறைச்சு வெச்சுக்குவேன். அவ குரல் கேக்கும்" என்றார். பிறகு, "பழையபடி மாத்திடவா?"

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "வேணாங்க" என்று போனை எடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம், அங்கே காலை நேரம்.

"என்னமா, ஃபைல் திறக்கலையா?"

"திறக்குது."

"பெட்டி வரலையா?"

"வரல. அப்பா மாத்திட்டாரு."

"அப்பாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி சிணுங்கிக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த சாஃப்ட்வேரைப் போட்டவளே அவள்தான். அன்றைக்கே டிஃபால்ட் ஆக்கியிருக்க முடியாதா? ஒவ்வொரு தடவையும் 'ஒரு முறை மட்டும்' என்று அழுத்தச் சொன்னது யார்?

நான் அதைக் கேட்கவில்லை. "சும்மாதான் கூப்பிட்டேன் தர்ஷினி. உன்னப் பாக்கணும்போல இருக்கு" என்றேன்.

"எனக்கும்மா..." என்றாள். "லீவு நாள்ல இங்க யார்கிட்டயும் பேசுறதே இல்ல. நீங்க கூப்பிட்டாத்தான் தமிழே பேசுறேன்."

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டுப் போன வேலை. தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறாளாம். கிடைக்குமா என்று தெரியாதாம். சூலியா தெருக் கடையின் நாசி கண்டார் சோறு இன்னும் அதே ருசியாக இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறது என்றேன். பெருமூச்சு விட்டாள்.

பிறகு போனை அடுப்படியில் சாய்த்து வைத்துவிட்டுக் காலைச் சாப்பாடு செய்ய ஆரம்பித்தாள். இவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெர்மனியில் முட்டை பொரியும் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உப்பு போட்டியா?" என்றார்.

"போட்டேன்ப்பா."

பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு இருப்பவர்களே, இன்றைக்குக் கூப்பிடுங்கள்... 'என்ன விஷயம்?' என்று கேட்டால், விஷயமே இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.